சாரமும் மின்சாரமும்

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு தொடர் பல பத்தாண்டுகளாகச் சொல் மாறாமல் அச்சாகி வருகிறது: "மின்சாரம் தாக்கி கட்டடத் தொழிலாளி பலி." இலக்கணம் நடத்துகிறவனுக்கு இத்தொடரில் முதலில் உறுத்துவது எழுவாய்தான். தாக்கியது எது? மின்சாரம். 'கரடி தாக்கி விவசாயி படுகாயம்' என்பதற்கும் இதற்கும் வாக்கிய அமைப்பில் வேறுபாடில்லை. காட்டிலிருந்து இறங்கி வந்த ஒன்று எதிர்ப்பட்டவரை அடித்துவிட்டுப் போய்விட்டது. அதை அங்கே கொண்டுவந்தவர் யார், அதன் வழியில் இருந்திருக்க வேண்டிய தடுப்பு எது, அதை வைக்காமல் விட்டவர் யார் என்ற வினாக்களுக்குத் தொடரில் இடமே இல்லை. 'பலி' என்ற சொல்லும் அத்தகையதே. பலி என்றால் யாரோ கொடுத்திருக்க வேண்டும். எதற்காகவோ கொடுத்திருக்க வேண்டும். அவ்விரண்டும் செய்தியில் வருவதில்லை.

தருமபுரி மாவட்டத்தில் இச்செய்தியை யாரோ எவரோ என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட முடியாது. பென்னாகரத்திலிருந்தும் ஏரியூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் அரூர்ப் பக்கத்து மலையடிவார ஊர்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது நெடுநாளைய வழக்கம். என் வகுப்பில் சங்க இலக்கியம் படிக்கும் மாணவர்களில் சிலர் தேர்வு விடுமுறையில் சென்ட்ரிங் பலகை சுமப்பவர்கள். 'சாரம்' என்ற சொல்லுக்கு இருக்கும் இன்னொரு வாழ்க்கையை அவர்களிடம்தான் கேட்டறிந்தேன். இலக்கிய வகுப்பில் சாரம் என்றால் பிழிவு, சத்து. கட்டடத்தில் சாரம் என்றால் சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, பலகை பரப்பி, பூசுகிறவரும் வர்ணம் அடிக்கிறவரும் நின்று வேலை செய்யும் மேடை. மின்சாரம் என்ற சொல்லில் இருப்பது முதற்சாரம். உயிர் போவதோ பல நேரங்களில் அந்த இரண்டாம் சாரத்துக்கும் மின்சாரத்துக்கும் இடையிலுள்ள சில அடி தூரத்தில்.

இந்நிலத்துக்கும் மின்சாரத்துக்குமான உறவு காவிரியில் தொடங்குகிறது. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மைசூர் அரசு அமைத்த மின்நிலையம் 1902 ஜூன் 30 அன்று இயங்கத் தொடங்கியது. திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் உருப்பெற்ற திட்டம் அது. முன்னின்று நடத்திய பொறியாளர் ஜோலி டி லோட்பினியர். அங்கே பிறந்த மின்சாரம் முதலில் எந்த ஊருக்கும் விளக்கெரிக்கப் போகவில்லை. 92 மைல், அதாவது ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே நேரே கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அது ஒன்று. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது மூன்றாண்டு கழித்து, 1905-இல். தங்கவயலில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. தன் ஊரில் ஒரு பல்பு எரிவதைக் காண்பதற்கு வெகுகாலம் முன்பே இப்பகுதி உழைப்பாளி மின்சாரத்தோடு பழகும் இடத்துக்குப் போய்விட்டான். அது வீடன்று, வேலைத்தளம்.

அடுத்தது மேட்டூர். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணை. 1934 ஆகஸ்ட் 21 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்ததால் நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. அணை கட்டும் எந்திரங்களை இயக்குவதற்கான மின்சாரமும் அதே சிவசமுத்திரத்திலிருந்து, மைசூர் அரசிடமிருந்து பெறப்பட்டது. காவிரி தன் மேற்குவட்டில் விழுந்த விசையைக் கொண்டே கீழே தன்னைத் தடுக்கும் சுவரை எழுப்பினார்கள் என்று சொல்லிப் பார்த்தால் ஒரு புராணக் கதை போல இருக்கிறது. மேட்டூரிலேயே மின் உற்பத்தி தொடங்கியது 1937-இல். நீர்த்தேக்கத்தின் மறுகரை பென்னாகரம் பகுதி. நாகமரையிலும் ஒட்டனூரிலும் பரிசலேறுகிறவர்களுக்கு அணையின் நீர் அன்றாடக் காட்சி. ஒகேனக்கல்லில் ஒரு புனல் மின்நிலையம் அமைக்கும் பேச்சு பத்தாண்டுக் கணக்கில் நடந்து, இரு மாநிலங்களின் வழக்கில் சிக்கி, பேச்சாகவே நின்றது. காவிரி இந்த மாவட்டத்துக்கு மேலே மின்சாரம் தந்தது, கீழே மின்சாரம் தந்தது; இங்கே அருவியாக மட்டும் விழுகிறது. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமானது. கட்டட வேலையின் கதையும் ஊர்ப்புற மின்மயமாக்கலின் கதையும் அதன் பிறகு ஒன்றாகவே வளர்ந்தன.

சட்டம் இந்த நாட்டில் மின்சாரத்துக்குப் பின்தங்கி வரவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். இந்திய மின்சாரச் சட்டம் ஒன்று 1903-லேயே இயற்றப்பட்டது. சிவசமுத்திரம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதை மாற்றி 1910-இல் வந்த சட்டம் 2003 வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, நடப்பில் இருந்தது. மின்சாரத்தால் உயிரோ உறுப்போ சேதமானால் அறிவிக்க வேண்டும், மின் ஆய்வாளர் வந்து விசாரிக்க வேண்டும் என்று 1910-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 161-ஆம் பிரிவில் இன்றும் அது இருக்கிறது. அப்படி எழுதப்படும் அறிக்கை தன் முதல் வரியிலேயே நாளிதழ்த் தொடரை மறுத்துவிடும். காரணம், மின்சாரம் தாக்கியது என்று ஒரு மின் ஆய்வாளர் எழுதிவிட்டுப் போக முடியாது. எந்தக் கம்பி, எந்த இணைப்பு, யாருடைய பொறுப்பு என்று அவர் எழுதியே ஆகவேண்டும்.

கம்பியில் நேரும் சாவு ஊரார் கண்முன் நிகழ்ந்தால் நடப்பது வேறு. 1889 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கின் நடுத்தெருவில், பட்டப்பகலில், ஜான் ஃபீக்ஸ் என்ற கம்பியாள் தந்திக் கம்பங்களின் வலைப்பின்னலில் வேலை செய்துகொண்டிருந்தபோது இறந்தார். அவர் தொட்டது விசையற்றது என்று நம்பப்பட்ட தந்திக் கம்பி. எங்கோ அதன்மேல் உயர் அழுத்த விளக்குக் கம்பி உரசியிருந்தது. கம்பிகளில் சிக்கித் தொங்கிய உடலை ஆயிரக்கணக்கானோர் நின்று பார்த்தார்கள். அந்த நகரத்தின் மேற்கம்பிகள் பூமிக்கடியில் இறங்கியதற்கு இந்த மரணம் எழுப்பிய சினமும் ஒரு காரணம். கட்டடத்தில் நேரும் சாவுக்கு இத்தகைய பார்வையாளர்கள் இல்லை. பச்சை வலை கட்டிய சுவருக்குப் பின்னால், பாதி முடிந்த சம்ப்புக்குள், இரண்டாம் மாடித் தளத்தில் அது நிகழ்கிறது. பெங்களூரில் நிகழ்ந்தால், உடல் ஓசூர் தாண்டி ஊர் வந்து சேரும்போதுதான் ஊருக்கே தெரியவரும்.

இங்கே கொஞ்சம் பௌதிகம் பேச வேண்டியிருக்கிறது. இலக்கிய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் பலர் உயிர்காவலாக நம்புவது ப்யூஸ் கட்டையை. உண்மையில் ப்யூஸ் மனிதனைக் காப்பதற்காக வைக்கப்பட்டதன்று; கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்காக வைக்கப்பட்டது. ஈரமான கையும் வெறுங்காலுமாக நிற்கும் ஓர் உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் அதன் வழியே செலுத்தும் மின்னோட்டம் கால் ஆம்பியருக்கும் குறைவு. 15 ஆம்பியர் ப்யூஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு டியூப்லைட் எரிவதாகவே எடுத்துக்கொள்ளும். உடலுக்கோ அதில் பத்தில் ஒரு பங்கே அதிகம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்சீல் என்ற பேராசிரியர் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்து பார்த்தார்: பிடித்த கம்பியைத் தானே விட்டுவிட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் கைத்தசைகள் இறுகிக்கொள்ளும். 'கரண்ட் இழுத்துக்கொண்டது' என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான். மின்சாரம் இழுப்பதில்லை, சொந்தக் கையே விட மறுக்கிறது.

அப்படியானால் ப்யூஸ் எப்போதுதான் உதவும்? கலவை எந்திரத்தின் உள்ளே ஒயர் தேய்ந்து இரும்பு உடலைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். அந்த இரும்பு உடல் நல்ல எர்த்துடன் இணைந்திருந்தால் பெரும் மின்னோட்டம் நிலத்துக்குப் பாயும், ப்யூஸ் உருகும், யாரும் தொடுவதற்கு முன்பே எந்திரம் நின்றுவிடும். எல்லாம் அந்த 'நல்ல' என்ற அடைமொழியில் இருக்கிறது. தருமபுரியின் தரை கருங்கல் தரை. சார்னகைட்டும் நைஸும் கிரானைட்டுமாக, மேலே ஓரடி ஈரடி செம்மண் போர்த்திய பாறை. ஃபுளூரைடைக் கிணற்றுநீரில் கலந்து மூன்று தலைமுறைப் பற்களில் கறை படியவைத்ததும், அதற்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-இல் தண்ணீர் வரவேண்டியிருந்ததும் இந்தப் பாறையினால்தான். அதே பாறை மின்சாரத்தையும் எளிதில் வாங்கிக்கொள்வதில்லை. வண்டல் மண்ணில் இரண்டரை மீட்டர்க் குழாயை இறக்கி, கரியும் உப்பும் இட்டால் கிடைக்கிற எர்த்து, இங்கே சித்திரை வைகாசியில் கிடைக்காது. எர்த்துக் குழியின் தடை 20 ஓம் என்றால் கணக்கு எளிது: 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 15 ஆம்பியர் ப்யூஸ் உருகாது. எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், உடலில் ஏறக்குறைய முழு அழுத்தத்தையும் சுமந்தபடி. எர்த்துக் குழி இருக்கிறது, ஒயரும் ஓடுகிறது, எல்லாம் முறைப்படி இருக்கிறது. ஆனாலும் தொட்டவர் சாவார்.

இது எர்த்துக் குழி தோண்டிய தளத்தின் கதை. பெரும்பாலான சிறு கட்டடங்களில் அதுவும் கிடையாது. மூன்று கம்பி ஒயர் வாங்கினால் விலை அதிகம் என்று இரண்டு கம்பி ஒயர். பிளக் உடைந்துபோனால், ஒயரின் நுனிகளைச் சீவி, சாக்கெட் துளையில் நேராகச் செருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சி. ஒட்டுப் போட்ட இடங்களில் டேப். டேப் இல்லையேல் பாலித்தீன் தாள். அந்த ஒயர் ஈரமணலிலும் கலவைத் தண்ணீரிலும் கிடக்கும். தலையில் சட்டியேந்திப் போகும் சித்தாள் பெண்ணின் வெறுங்கால் அதன்மீது ஒரு நாளில் நூறுமுறை படும். கான்கிரீட் போடும் நாளில் வைப்ரேட்டர் வரும். கம்பி கட்டிய தளம் முழுவதும் ஒரே இரும்பு வலை; அதன்மேல் ஈரக் கலவை; அதில் கணுக்கால் புதைய நிற்கும் மனிதன்; அவன் கையில் ஓடும் மோட்டாரின் குழாய். மின்கசிவு ஒன்று நேர்வதற்கு இதைவிட ஏதுவான ஏற்பாட்டை வேண்டுமென்றே முயன்றாலும் செய்ய முடியாது.

இங்கிலாந்தில் கட்டுமானத் தளத்தில் கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு 230 வோல்ட் தருவதில்லை. ஒரு டிரான்ஸ்பார்மரால் 110 வோல்ட்டாகக் குறைத்து, அதன் நடுப்புள்ளியை நிலத்தோடு இணைத்துவிடுகிறார்கள். எந்தக் கம்பியைத் தொட்டாலும் தரைக்கும் அதற்கும் இடையே 55 வோல்ட்டுக்கு மேல் இராது. அதிர்ச்சி அடிக்கும், ஆள் பிழைப்பான். இதற்கு நிகரான ஓர் எண்ணம் நம் தொழிற்சாலைகள் சட்டத்திலும் இருந்தது: தொட்டி போன்ற அடைபட்ட இடத்துக்குள் எடுத்துச் செல்லும் கைவிளக்கு 24 வோல்ட்டை மீறக்கூடாது. ஆலைக்குள் இருக்கும் தொட்டிக்கு இந்த விதி. வீட்டுச் சம்ப்புக்குள் சென்ட்ரிங் பிரிக்க இறங்குகிறவனுக்கு ஹோல்டரில் மாட்டிய 230 வோல்ட் பல்பைத்தான் ஒயரோடு கீழே விடுகிறோம்.

மோசமான நிலத்திலும் மனிதனைக் காக்கிற கருவி ஒன்று உண்டு. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்பார்கள், பழைய வாய்வழக்கில் இ.எல்.சி.பி. அதன் தத்துவம் கணக்குப் பிள்ளையின் தத்துவம்தான். போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் சரிபார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அந்தக் குறைவு யாரோ ஒருவருடைய உடல் வழியே நிலத்துக்குப் போகிறது என்று கொண்டு, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. எர்த்துக் குழியின் தகுதியை அது கேட்பதில்லை. பாறை நிலத்துக்கென்றே செய்தது போன்ற இக்கருவியின் பிறப்புக்கதையில் ஒரு தங்கச் சுரங்கமும் வருகிறது. 1950-களின் நடுவில் தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் சுரங்கங்களின் தேவைக்காக இதன் தொடக்க வடிவங்களைச் செய்தார். மனித உயிரைக் காக்கும் நுட்பம் வாய்த்த வடிவம் அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டில்ஃபொன்டெய்ன் என்ற தங்கச் சுரங்க ஊரின் வீடுகளில் பொருத்தப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரியாவில் காட்ஃப்ரீட் பீகல்மையர் இத்துறையில் உழைத்தார்; மின்னோட்டத்தைத் தம் உடலிலேயே செலுத்தி அளந்தவர் அவர். டால்சீல் 1961-இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கொண்டு 5 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் வடிவத்தைச் செய்தார். காவிரியின் மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்த கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. இன்னொரு கண்டத்தின் தங்கவயலிலிருந்து புறப்பட்ட அந்தச் சிறு பெட்டி இங்குள்ள கட்டடங்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ஒரு லோடு எம்-சாண்ட் விலைகூட அதற்கு ஆகாது.

ஆனால் அந்தப் பெட்டியால் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அது மீட்டருக்கு இப்பால் நிகழ்வதை மட்டும் அறியும். தலைக்குமேல் போகும் கம்பியை அறியாது.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 79, 80 ஆகிய இரண்டும் கட்டடத்துக்கும் கம்பிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தைச் சொல்பவை. தெருவில் போகும் தாழ்வழுத்தக் கம்பி மொட்டை மாடியின் மேல் போவதானால் 2.5 மீட்டர் உயரத்தில், பக்கவாட்டில் போவதானால் 1.2 மீட்டர் தள்ளி. 11,000 வோல்ட் கம்பியானால் மேலே 3.7 மீட்டர், பக்கத்தில் 1.2 மீட்டர். 33,000 ஆனால் பக்கத்தில் 2 மீட்டர். அடுத்து வரும் 82-ஆம் விதிதான் எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. ஏற்கெனவே கம்பி போகும் இடத்தில் ஒருவர் கட்டடம் எழுப்பவோ மாற்றிக் கட்டவோ, கரையை உயர்த்தவோ, சாலையை உயர்த்தவோ முனைந்தால், மின்சாரம் வழங்குபவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இவ்விதிகளின் இடத்தில் 2010-இல் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வந்தன. 2023-இல் அவையும் புதிதாக எழுதப்பட்டன. அடிப்படை மாறவில்லை. இதை வகுத்தவர்கள் நிலத்தின் இயல்பை அறிந்திருக்கிறார்கள். நிலம் உயர்ந்துகொண்டே போகும். கம்பி தானாக உயராது.

2022 பிப்ரவரியில் தருமபுரி நகரில் வீடு மாற்றும்போது, மாடியிலிருந்து இரும்பு பீரோவைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அது அருகில் போன உயர் அழுத்தக் கம்பியில் பட்டு மூன்று பேர் மாண்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் மோதிப் பதினொரு பேர் இறந்தார்கள்; சாலை உயர்த்தப்பட்டிருந்தது பற்றி அப்போது பேசப்பட்டது. 2023 மார்ச்சில் கம்பைநல்லூர் அருகே மேட்டில் ஏறிய ஓர் ஆண் யானை தலைக்குமேல் போன கம்பியில் பட்டு விழுந்தது. வீடு, தேர், யானை என்று மூன்றும் வேறு வேறு வகைச் செய்திகளாக நாளிதழில் வந்தன. 82-ஆம் விதியின் கண்ணில் மூன்றும் ஒன்றுதான். கட்டடத்தில் இதே நிகழ்ச்சி இன்னும் சிறிய உருவில் நடக்கும். நாற்பது அடிக் கம்பியை மாடிக்கு ஏற்ற நட்டுக்குத்தலாகத் தூக்குவார்கள். அலுமினிய ஏணியைச் சாய்க்காமல் நிமிர்த்தியபடியே நகர்த்துவார்கள். இப்போது சாரமும் மாறிவிட்டது. சவுக்குக் கட்டை இருந்த இடத்தில் இரும்புக் குழாய். உலர்ந்த மரம் ஓரளவு மன்னிக்கும். இரும்பு மன்னிக்காது.

எழுவாயைப் பற்றித் தொடங்கினேன். அதை நீதிமன்றம் ஒருமுறை தெளிவாகத் தீர்த்துவைத்தது. மத்தியப் பிரதேச மின்வாரியம் எதிர் ஷைல் குமாரி என்ற வழக்கு, 2002. மழை நீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்துச் சைக்கிளில் வந்தவர் இறந்தார். வேறு யாரோ மின்சாரம் திருட இழுத்த கம்பி அது, எங்கள் தவறன்று என்று வாரியம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆபத்தான ஒன்றைக் கையாளும் தொழிலை நடத்துபவர், தம் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிட்டாலும், அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பு என்றது. 1868-இல் இங்கிலாந்தில் ஒரு நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்த வழக்கில் பிறந்த கொள்கை அது. ஆக, கம்பி வாரியத்தினுடையதானால் எழுவாய் கிடைத்துவிட்டது. கட்டடத்தின் உள்ளே, மீட்டருக்கு இப்பால் ஆள் விழுந்தால் அதே தெளிவு கிடைப்பதில்லை. வீட்டுக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி எலக்ட்ரீஷியனைக் காட்டுவார். எலக்ட்ரீஷியன், தாம் போட்ட போர்டு வேறு, இவர்களாக ஒட்டுப்போட்ட ஒயர் வேறு என்பார். மூவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

அந்த ஒட்டு ஏன் வருகிறது என்பதற்குத் தரித்திரமும் அறியாமையும் மட்டும் காரணமில்லை. கட்டுமானத்துக்கு மின்சாரம் பெறும் முறைக்குத் 'தற்காலிக இணைப்பு' என்று பெயர். அதன் கட்டணம் வீட்டு இணைப்பைவிட மிகுதி. எனவே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஒயர் இழுப்பார்கள். ஊர்ப்புறமானால் தோட்டத்து மோட்டார்க் கொட்டகையிலிருந்து வரும். முறையாக வாங்கிய இணைப்பிலும்கூட, ஆறு மாதத்தில் பிடுங்கப் போகிற போர்டுக்கு ஆர்.சி.சி.பி. எதற்கு என்ற கேள்வி எழும். வேலை செய்கிறவரும் தற்காலிகம்; இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் ஒயிட்ஃபீல்டில். தற்காலிகம் என்ற ஒரு சொல் கம்பியையும் ஆளையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறது. என் மாணவர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லை ஆள்வதில்லை. 'லீவுக்குப் போறேன் சார்' என்பார்கள். அதன் பொருளும் அதுதான்.

தொழிலாளர் சட்டங்களிலும் இந்தப் பாகுபாடு உள்ளே புகுந்திருக்கிறது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல். போராடிப் பெற்றவை, நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்டவை. பிறகு 1996-இல் மத்திய அரசின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம். நல வாரியத்தில் பதிந்தவரின் குடும்பத்துக்கு அவர் இறந்தபின் தொகை கிடைக்கும். இறக்காமல் இருப்பதற்கான விதிகள், அதாவது தளத்தில் மின்கம்பி எப்படி இருக்க வேண்டும் என்பது போன்றவை, 1996 சட்டத்தின் பாதுகாப்புப் பகுதியில் வரும். அந்தச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கும், சொந்தக் குடியிருப்புக்காகப் பத்து லட்சம் ரூபாய்க்கு மிகாமல் ஒருவர் கட்டும் வீட்டுக்கும் பொருந்தாது என்றிருந்தது. 1996-இல் பத்து லட்சம் பெரிய வீடு. விலைவாசி ஏற ஏற, எல்லை மாறாமலே நின்றதால், நாளடைவில் சிறு வீடுகளும் சட்டத்துக்குள் வந்துவிட்டன. யாரும் திட்டமிடாமல் நிகழ்ந்த நன்மை அது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது 1996 சட்டம் அவற்றுள் அடங்கியது. புதிய தொகுப்பில் சொந்த வீட்டுக்கான எல்லை ஐம்பது லட்சம்.

தருமபுரி நகரைச் சுற்றிலும், நல்லம்பள்ளிப் பக்கமும் காரிமங்கலம் சாலையிலும் கல் நட்டு விற்ற மனைகளில் எழும் வீடுகளில் பெரும்பாலானவை அந்தத் தொகைக்குள் முடிந்துவிடுபவை. அவற்றில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் நின்று வேலை செய்வது தளம் போடும் நாளில்தான். வைப்ரேட்டர் வருவதும் அன்றுதான்.